சொன்னதைக் கேட்ட ஒரேயொரு நோயாளி

உங்களில் யாராவது இன்னொரு தரம் ஒரு பை நிறைய இலையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்கமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கிழமை வந்த தம்பி நல்ல பிள்ளைதான். மருந்தாளர் பயிற்சி முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அக்கிக்கு இந்த இலைச்சாறு கைகண்ட மருந்தாம். இதற்குள் வைரசை அடக்குகிற சத்து ஒன்று இருக்கிறதாம், அதைப் பிரித்தெடுத்தால் உலகத்துக்கே பயன்படுமாம். நாலு பேருக்குப் பூசியிருக்கிறார், நாலு பேருக்கும் மூன்று கிழமைக்குள் காய்ந்துவிட்டது. பூசாமல் விட்டிருந்தால் எத்தனை கிழமையில் காய்ந்திருக்கும் என்று கேட்டேன். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இலையில் மருந்து இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? மலேரியாவுக்கு நாங்கள் வாளி வாளியாகக் கொடுத்த கொயினா மரப்பட்டையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி அலமாரியில் பாதிப் போத்தல்களுக்குள் இருந்தது ஏதோ ஒரு செடியின் சாறுதான். அக்கி வைரசை அடக்குகிற சத்தும் ஏதோவொரு வேலியில் வளர்ந்துகொண்டிருக்கலாம். நீங்கள் தேடுங்கள். ஆனால் தேடுகிற அவசரத்தில் நான் செய்ததைச் செய்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மருந்தாளர் சங்க மலருக்குச் சுருக்கமாக எழுதச் சொன்னார்கள், எனக்கு அது வராது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக் கரையோரத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் அப்போதிக்கரி. டொக்டருக்கு அடுத்த ஆள், அவர் இல்லாத நாட்களில் நோயாளி பார்க்கிற ஆளும் நான்தான். சனம் என்னையும் டொக்டர் என்றுதான் கூப்பிடும். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் கதைக்கமாட்டார். அவரிடம் கற்ற எதையும் அவர் பாடமாக நடத்தியதில்லை. வார்டில் போகிற போக்கில் ஒரு வசனம் சொல்வார், நாங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அக்கி என்றால் உங்களுக்குத் தெரியும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், விலாவிலோ நெற்றியிலோ, நெருப்பு எரிவோடு கொப்புளம் போடுகிற வருத்தம். சின்ன வயதில் வந்த கொப்புளிப்பானின், அதாவது சின்னம்மையின், வைரஸ்தான் உடம்புக்குள் கிடந்து பிறகு எழும்புகிறது என்று அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார்கள். பென்சிலின் அதைத் தொடாது. இன்றைக்கு உங்களிடம் மாத்திரை இருக்கிறது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது கொப்புளத்தில் பூசுகிற ஊதாத் தண்ணீரும் நோவுக்குளிசையும்தான். தானாகக் காயும்வரைக்கும் நோயாளியை அமைதிப்படுத்தி வைப்பதே வைத்தியம். ஒரேயொரு இடத்தில் மட்டும் டொக்டர் அமைதியாக இருக்கமாட்டார்.

“நெத்தியில வந்த அக்கி மூக்கு நுனிக்கு இறங்கி ஒரு கொப்புளம் போட்டால், கண்ணுக்குள்ளயும் போகப்போகுது எண்டு நினையும். கண் சிவக்குமட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். அத்ரோப்பீனைக் கண்ணுக்கு விட்டு, அடுத்த பஸ்ஸில மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திவிடும்.”

இதை அவர் என்னிடம் ஒரு தரம்தான் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லை.

இந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாட்டு வைத்தியத்தில் பாவிக்கும் மூலிகைகளை ஆராய்கிற ஒரு கூடம். கொப்புளம் போடுகிற வருத்தங்களுக்கு உங்கள் பகுதியில் பாவிக்கும் இலைகளை அனுப்புங்கள், அந்த இலையை மட்டும் பாவித்துச் சுகமான நோயாளியின் விபரத்தையும் இந்தப் படிவத்தில் நிரப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். டொக்டர் வாசித்துவிட்டு என் மேசையில் போட்டார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வைரசுக்கு உலகத்தில் மருந்து இல்லை, அந்த முதல் மருந்து எங்கள் கரையிலிருந்து போனால் எப்படியிருக்கும் என்று அன்று பகல் முழுக்க யோசித்துக்கொண்டே மருந்து கலக்கினேன். யாருக்கு என்ன கொடுத்தேனோ, அல்லாஹ்தான் காப்பாற்றினான்.

அக்கிக்குப் பேர்போன ஆள் மருதமுனையில் இருந்தார். ஆதம்பாவா காக்கா. அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில், முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். காலையில் சாயத்தொட்டிக்குப் போகமுன் அக்கிக்காரர்களுக்கு இலைச்சாறு பூசிவிடுவார். அம்மியில் அரைத்து, துணியில் வடித்து, பிஸ்மி சொல்லிக் கோழியிறகால் தடவுவார். பரம்பரை வைத்தியர்கள் இலையின் பேரைச் சொல்லமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தபடியால் நான் சுற்றி வளைத்துக் கதைத்தேன். மழை, மீன், கொழும்பு என்று அரை மணித்தியாலம் கதைத்தபிறகு அவர் எழும்பிப்போய் வேலியிலிருந்து ஒரு கை பிடுங்கிவந்து என் மடியில் போட்டார். இதுக்காடா தம்பி இவ்வளவு நேரம் என்றார்.

அந்த இலையின் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே நீங்கள் அந்தக் கரையின் வேலியையெல்லாம் மொட்டையாக்கிவிடுவீர்கள்.

எந்த நேரத்தில் பிடுங்குவது, எவ்வளவு நீர் சேர்ப்பது, எத்தனை நாள் பூசுவது என்று கேட்டேன். எல்லாம் சொன்னார், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். கடைசியில், கண்ணுக்குக் கிட்ட வந்தால் இந்த இலை சரிவராது, அவர்களை நான் உங்கள் பக்கம்தான் அனுப்புவேன் என்றார். அதை மட்டும் எழுதவில்லை. அது இலையைப் பற்றிய குறிப்பு இல்லை என்று நினைத்துவிட்டேன்.

முதல் பொதியை நான் அனுப்பிய கெட்டித்தனத்தையும் கேளுங்கள். பச்சை இலையைக் கழுவி, ஈரத்தோடு பிஸ்கட் டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மெழுகு வைத்துத் தபாலில் போட்டேன். கொழும்பில் டின்னைத் திறந்தவர்களுக்குக் கிடைத்தது உரம். நிழலில் காயவைத்து அனுப்பும்படி மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. மருந்து படித்த ஆள் செய்கிற வேலையா இது? உங்கள் தம்பி கொண்டுவந்த பையும் பொலித்தீன் பைதான், உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. நாற்பது வருடத்தில் முன்னேறியது டின் மட்டும்தான்.

காய்ந்த இலை போய்ச் சேர்ந்தது. இனி வேண்டியது படிவத்துக்கு ஒரு நோயாளி. இலையைத் தவிர வேறொன்றும் தொடாத நோயாளி. அப்படி ஒருவரை எங்கள் பகுதியில் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் சனம் ஒரு வைத்தியத்தை நம்பி மற்றதை விடுகிற சனமில்லை. ஒருவருக்கும் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் செய்வார்கள். காலையில் ஆதம்பாவா காக்காவின் இலை, பகலில் எங்கள் ஊதாத் தண்ணீர், பின்னேரம் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதின தண்ணீர். பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு வாத்தியார் சட்டையைக் கழற்றினார். விலாவில் பச்சை, அதற்கு மேலே ஊதா, அதற்கு மேலே மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலே கோயில் திருநீறு. எது சுகமாக்கியது என்று கேட்டேன். எல்லாம் சேர்ந்துதான் என்றார், மிகவும் சந்தோசமாக. படித்த மனிதர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

ஏழெட்டுப் பேர் இப்படிக் கெட்டுப்போனார்கள். கெட்டுப்போனார்கள் என்றுதான் அப்போது சொல்வேன். அவர்களுக்குச் சுகம் வந்துவிட்டது, என் படிவம்தான் கெட்டது. அந்த வார்த்தை என் வாயில் வந்தபோதே யாராவது என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கவேண்டும்.

அப்போதுதான் உதுமாலெவ்வை வந்தார். மருதமுனை நெசவாளி, நாற்பது வயதிருக்கும். சாரன் நெய்வார். முந்தின நாள்தான் நெற்றியின் வலப்பக்கத்தில், புருவத்துக்கு மேலே, கொப்புளம் போட்டிருந்தது. இதுவரை என்ன பூசினீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் பூசவில்லை, உங்களிடம் கேட்டுவிட்டுப் பூசலாம் என்று வந்தேன் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உத்தியோகத்தில் முதல் தடவையாக, சொன்னதைக் கேட்கிற ஒரு நோயாளி! டொக்டர் பத்து நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஆதம்பாவா காக்காவின் இலையை மட்டும் பூசுங்கள், ஆஸ்பத்திரி மருந்தும் வேண்டாம், ஓதின தண்ணீரும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சரி டொக்டர் என்றார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஆதம்பாவா காக்கா இனிப் பூசமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாராம். மூக்கைப் பார்த்தேன். நுனியில், வலப்பக்கமாக, மிளகளவு ஒரு கொப்புளம்.

இதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்கவேண்டும். எனக்குத் தெரியாமல் இருக்கவில்லை. மறக்கவும் இல்லை. டொக்டரின் குரலே காதில் கேட்டது. அத்ரோப்பீன் போத்தல் என் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது தட்டில் இருந்தது. அதுவும் ஒரு செடியிலிருந்து எடுத்த மருந்துதான், அதைத் தேடி யாரும் வேலிக்குப் போகத் தேவையில்லை. கையை நீட்டினால் போதும். ஆனால் அதை ஒரு சொட்டு விட்டால் படிவத்தில் ‘வேறு மருந்து’ என்ற இடத்தில் இல்லை என்று எழுத முடியாது. நெற்றிக் கொப்புளங்கள் வேறு வாடத் தொடங்கியிருந்தன. கண்ணைப் பார்த்தேன், சிவக்கவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம், சிவந்தால் அனுப்பலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண் நல்லாத்தான் இருக்கிறது, இலையை விடவேண்டாம், தொடர்ந்து பூசுங்கள் என்று அவரிடம் சொன்னேன். காக்கா மாட்டேன் என்றால் வீட்டில் அரைத்துப் பூசுங்கள் என்றும் சொன்னேன். சரி டொக்டர் என்றார்.

ஆறாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மிதித்து வந்தவர் ஆதம்பாவா காக்கா, கை இரண்டும் நீலம். பின்னால் உதுமாலெவ்வை இருந்தார். வலக்கண் வீங்கி மூடியிருந்தது, கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வெளிச்சத்துக்கு முகத்தைத் துணியால் மறைத்திருந்தார். இமையை விலக்கிப் பார்த்தேன். கருவிழி பால் கலந்தமாதிரி மங்கிப்போயிருந்தது. அத்ரோப்பீனை அப்போது எடுத்தேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

ஆதம்பாவா காக்கா சத்தம் போடவில்லை. வரிசையில் இருந்த சனத்துக்குக் கேட்கக்கூடாது என்று கிட்ட வந்துதான் சொன்னார்.

“டொக்டர் தம்பி, கண்ணுக்கு இந்த இல சரிவராதெண்டு அண்டைக்கே ஒங்களுக்குச் சொன்னன். இவர நான் ஒங்களிட்ட அனுப்பின. நீங்க திருப்பி என்ட இலைக்கு அனுப்பி இரிக்கீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த ஆள இலைக்கு அனுப்புற டொக்டர நான் இப்பதான் காணுறன்.”

உதுமாலெவ்வை எனக்காகப் பரிந்து பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

“காக்கா வேணாமெண்டுதான் சொன்ன. டொக்டர் விடவேணாமெண்டு சொன்ன. நான் டொக்டர்ட சொல்லத்தான் கேட்ட. ஒரு நேரமும் விடல்ல.”

ஒரு நேரமும் விடவில்லை. மனைவி செயினம்பு மூன்று நாளும் காலையும் பின்னேரமும் அரைத்துப் பூசியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓதின தண்ணீர் கொண்டுவந்தபோதுகூட, டொக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மற்ற எந்த நோயாளியாக இருந்தாலும் நான் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு, தன் பாட்டில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போயிருப்பார், கண்ணும் தப்பியிருக்கலாம். எங்கள் சனத்தின் எந்தக் குணத்தை நான் ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அந்தக் குணம்தான் அவர்களை என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைய பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போனேன். கண் டொக்டர் பார்த்துவிட்டு, எப்போது மூக்கில் கொப்புளம் வந்தது என்று கேட்டார். சொன்னேன். அந்தத் திகதியைத் துண்டில் எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்குமேல் உதுமாலெவ்வை அங்கே இருந்தார். கண்ணை எடுக்கவேண்டி வரவில்லை. ஆனால் அந்தக் கண்ணால் பகல் எது இரவு எது என்று தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

லீவு முடிந்து வந்த டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

“மூக்கு நுனியைப் பார்த்தனீரோ?” என்று கேட்டார்.

“ஓம் சேர்.”

“பார்த்துப்போட்டும் விட்டனீரோ?”

“ஓம் சேர்.”

“அப்ப இது தெரியாமல் விட்ட பிழை இல்லை. தெரியாமல் விட்டிருந்தால் நான் உமக்குப் படிப்பிக்கலாம். இதுக்கு நான் என்னத்தைப் படிப்பிக்கிறது?”

அவ்வளவுதான். வார்டுக்குப் போய்விட்டார். பின்னேரம் வந்து, படிவத்தை நிரப்பி அனுப்பும்படி சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதும், ஒன்றையும் ஒளிக்கவேண்டாம் என்றார். எழுதினேன். வேறு மருந்து, ஆறு நாள்வரை இல்லை. நெற்றிக் கொப்புளங்கள், காய்ந்தன. வலக்கண் பார்வை, போய்விட்டது. மூன்று வரி.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. ஒத்துழைப்புக்கு மிக்க நன்றியாம். ஒரு நோயாளியை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாதாம். இதேபோல் இன்னும் பத்து நோயாளிகளின் விபரம் அனுப்பினால் உதவியாக இருக்குமாம். அந்தக் கடிதத்தை எழுதியவர் கெட்டவர் இல்லை, அவர் சொன்னதும் பிழையில்லை. ஒன்றை வைத்து ஒன்றும் சொல்லமுடியாதுதான். இருந்தாலும் அதைக் கிழித்து, கிழித்ததை மறுபடி கிழித்து, மருந்தறைக் கூடைக்குள் போட்டேன். உடம்பெல்லாம் கோபம், ஆனால் யார்மேல் கோபப்படுவது? அந்தப் பத்துப் பேரில் ஒருவரைக்கூட நான் பிறகு தேடவில்லை.

இவ்வளவுக்கும் உதுமாலெவ்வைக்கு உண்மை தெரியாது. டொக்டர் உடனே பஸ்ஸில் ஏற்றியதால்தான் மற்றக் கண் தப்பியது என்று ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டு திரிந்தார். கடைத்தெருவில் கண்டவர்களெல்லாம் என் கையைப் பிடித்தார்கள். இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

தறியில் புதுப் பாவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய நூலின் நுனியோடு புது நூலின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிற வேலை. நூற்றுக்கணக்கான இழை, மயிரளவு. அதை முன்பு அவர்தான் செய்வார், இப்போது செயினம்பு குனிந்திருந்து செய்தார். ஒற்றைக் கண்ணுக்கு இழையின் தூரம் பிடிபடவில்லையாம், விரல் இழைக்கு முன்னாலேயே மூடிவிடுகிறதாம். நெய்வதில் குறையில்லை, பிணைக்கத்தான் இயலாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தேத்தண்ணீர் தந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். மருந்து அலமாரியில் இருந்தது என்று சொன்னேன். கொழும்புப் படிவத்தைப் பற்றியும், இலையைத் தவிர வேறொன்றும் தொடாத ஆள் எனக்குத் தேவைப்பட்டதைப் பற்றியும், அதற்காக அவரை மறித்து வைத்ததைப் பற்றியும் சொன்னேன்.

செயினம்புவின் கை நின்றுவிட்டது. உதுமாலெவ்வை எழும்பி என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பி இடக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

“அப்ப அந்த இல வேல செய்ற இலதானா டொக்டர்?” என்று கேட்டார். “அதயாவது சொல்லுங்க.”

“தெரியா,” என்றேன். “ஒராள வெச்சிச் சொல்லேலா. பூசாம விட்டிருந்தாலும் அந்த நேரத்துக்குக் காஞ்சிரிக்கும்.”

அவர் பிணைக்காத ஒரு இழையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அது தெரியத்தானே டொக்டர் நான் பூசின?” என்றார்.